மேலே ராஜா இல்லாத குதிரைகள்

ஸ்காட்லாந்து போகிற நண்பர்கள் யாராவது என்னிடம் "என்ன பார்க்கலாம்?" என்று கேட்டுவிட்டால் போச்சு. கோட்டை, ஏரி, விஸ்கி எல்லாம் அப்புறம், முதலில் ஃபால்கிர்க் போய் ‘கெல்பீஸ்’ பாருங்கள் என்று ஆரம்பித்துவிடுவேன். எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் நடுவில் இருக்கிற தொழில் ஊர் அது. அங்கே கால்வாய்க் கரையில் இரண்டு குதிரைத் தலைகள், ஒவ்வொன்றும் 30 மீட்டர் உயரம், 300 டன் எடை. எம்9 நெடுஞ்சாலையில் வண்டியில் போகிறபோதே தெரியும். கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. மிச்ச உடம்பை யாரோ பூமிக்குள் புதைத்துவைத்திருக்கிறார்கள் என்றே தோன்றும். ஒன்று அண்ணாந்து பிடரியை உதறுகிறது, இன்னொன்று தலையைத் தாழ்த்திப் பார்க்கிறது. அடேயப்பா! பக்கத்தில் போய் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும்.

கெல்பி என்பது ஸ்காட்லாந்துக் கிராமக் கதைகளில் வரும் நீர்ப்பேய். ஏரிக்கரையில் சாதுவான குதிரைபோல நிற்கும், முதுகில் ஏறினவர்களைத் தண்ணீருக்குள் இழுத்துப்போய்விடும். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு, வாயில் நெருப்புக் கக்கும் பூதம் ஒன்றைச் செய்துவைத்திருந்தாலும் கூட்டம் வந்திருக்கும். சிற்பி ஆண்டி ஸ்காட் அங்கேதான் வேறு வழியில் திரும்பினார். அவருடைய அப்பா ஃபால்கிர்க்காரர். கதையில் வரும் குதிரையை ஓரங்கட்டிவிட்டு, அந்த ஊரில் உண்மையிலேயே உழைத்த குதிரையை எடுத்துக்கொண்டார். 1790-இல் ஸ்காட்லாந்தின் குறுக்கே கடலுக்குக் கடல் திறந்த ஃபோர்த் அண்டு கிளைடு கால்வாயில், கரையோரப் பாதையில் நடந்தபடி படகுகளைக் கயிறு கட்டி இழுத்தவை குதிரைகள். நிலக்கரி, இரும்பு, ஏர், வண்டி எல்லாமே அவற்றின் தோளில்தான் ஓடின.

உலகமெங்கும் சதுக்கங்களில் குதிரைச் சிலைகளுக்குக் குறைச்சலா? எல்லாவற்றின் முதுகிலும் ஒரு ராஜாவோ தளபதியோ உட்கார்ந்திருப்பார். கையில் வாள் இருக்கும், பெயர்ப்பலகை முழுக்க அவர் புகழ் இருக்கும். இங்கே முதுகும் இல்லை, முதுகில் ஆளும் இல்லை. வேலை செய்தவனுக்கே சிலை! இதற்காகவே ஆண்டி ஸ்காட்டுக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

மாதிரிக்கு நின்றவை டியூக், பாரன் என்ற இரண்டு நிஜக் குதிரைகள். கிளைடு ஆற்றுப் பக்கத்து இனமான கிளைட்ஸ்டேல், பாரம் இழுக்கவே வளர்த்த ஜாதி. அவற்றைப் பார்த்து, சிலையின் அளவில் பத்தில் ஒரு பங்கில், மூன்று மீட்டர் உயரத்துக்கு ஸ்காட் தன் கையால் எஃகு மாதிரிகளைப் பற்றவைத்தார். அந்த மாதிரிகளை லேசரால் ஸ்கேன் செய்துதான் பொறியாளர்கள் பெரிய உருவத்துக்குக் கணக்குப் போட்டார்கள். கணினியில் பிறந்த உருவம் இல்லை என்பது அதைப் பார்த்தாலே தெரிகிறது. கன்னத்து எலும்பின் மேடு, மூக்குத் துவாரத்தின் மடிப்பு எல்லாவற்றிலும் ஒரு மனிதக் கையின் தயக்கமும் துணிச்சலும் அப்படியே பெரிதாகியிருக்கின்றன.

நான் கொஞ்ச காலம் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் தகடு வெட்டினவன். அதனால் மற்றவர்கள் குதிரையின் கண்ணைப் பார்த்து உருகிக்கொண்டிருக்க, நான் இணைப்புகளைப் பார்த்து உருகினேன். ஒன்றுபோல் ஒன்று இல்லாத நூற்றுக்கணக்கான எவர்சில்வர் தகடுகள். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் வேண்டுமென்றே விட்ட சந்து. அந்தச் சந்தின் வழியே உள்ளே இருக்கும் குழாய்ச் சட்டகம் தெரிகிறது. மூடி மறைத்து, தேய்த்து, பூசி மெழுகவில்லை. எப்படிக் கட்டினோம் என்பதை வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது. வழிகாட்டியோடு உள்ளே போகவும் விடுகிறார்கள். தயவுசெய்து அந்தக் காசுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். முக்கோணம் முக்கோணமாகக் குழாய்கள் மேலே மேலே ஏறிப்போக, சந்துகள் வழியே வெளிச்சம் கோடு கோடாக இறங்குகிறது. இவ்வளவு பெரிய கழுத்து காற்றில் எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு உள்ளே பதில் இருக்கிறது. கீழே பதில் இன்னும் பெரிது: ஒவ்வொரு தலைக்கும் சுமார் 1,200 டன் கான்கிரீட் அடித்தளம்.

யார்க்ஷையர் பட்டறையில் துண்டு துண்டாகச் செய்து லாரியில் கொண்டுவந்து, 2013 கோடையில் கிரேன் வைத்து ஏற்றினார்கள். சில மாதங்களில் இரண்டு தலையும் எழுந்துவிட்டன! திட்டம் போடவும் பணம் சேர்க்கவும் ஆன வருடங்களை யாரும் பேசுவதில்லை. அது எல்லா ஊரிலும் அப்படித்தான். 2014 ஏப்ரலில் மக்களுக்குத் திறந்தார்கள்.

பண்பட்ட ரசனைக்காரர்கள் சிலர் இதை மலிவான கலை என்று மூக்கைச் சுளித்தார்கள். சுளிக்கட்டும். நான் போன அன்று ஒரு பாட்டி, நாய்க்குட்டியோடு வந்து குதிரையை அண்ணாந்து பார்த்து, பக்கத்தில் இருந்த அந்நியனான என்னிடம், தன் தாத்தா குதிரை வண்டி ஓட்டினார் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படிப் பேச வைக்கிற சிலைகள் எத்தனை?

எனக்கு ஒரே ஒரு சின்ன மனத்தாங்கல். இருட்டினால் உள்ளிருந்து கலர் விளக்கு போடுகிறார்கள். ஊதா, சிவப்பு எல்லாம் வரும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், படம் எடுப்பவர்களுக்கும்தான். என்னைக் கேட்டால், மேகமூட்டமான பகலில் பாருங்கள். ஸ்காட்லாந்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. வானத்தின் சாம்பல் நிறம் அத்தனையும் தகடுகளில் ஏறி, மழை வழிய வழிய, நிஜமாகவே வியர்த்து நிற்கிற மாதிரி இருக்கும்.

பூங்காவுக்குள் நுழைய டிக்கெட் கிடையாது. நேரம் இருந்தால் அதே ஊரில் படகுகளைத் தூக்கி இறக்குகிற ஃபால்கிர்க் சக்கரத்தையும் பார்த்துவிடுங்கள். 2002-இல் திறந்தது, வெல்டிங்கை நம்பாமல் ஆயிரக்கணக்கான போல்ட்டுகளால் கோத்தது. அதைப் பற்றி ஆரம்பித்தால் இன்னும் நான்கு பக்கம் போகும். முதலில் குதிரைகளைப் பாருங்கள்.