ஜென்னி லூயிஸைக் கேட்பது எப்படி?

அமெரிக்கப் பாடகி ஜென்னி லூயிஸின் பாட்டைக் கேட்டு, 'பாவம், என்ன பாடு பட்டாரோ' என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் உண்டு. பாட்டில் 'நான்' என்று வந்துவிட்டால் சொந்தக் கதைதான் என்று நாமே முடிவுகட்டி விடுகிறோம். இவரிடம் அது செல்லாது. யாரோ எழுதிக் கொடுத்த வசனத்தைத் தன் பேச்சாக்கிச் சொல்வதுதான் சிறுவயதில் இவருடைய தொழில். 1986-இல் நகைச்சுவை நடிகை லூசில் பாலின் கடைசித் தொலைக்காட்சித் தொடரான 'லைஃப் வித் லூசி'யில் பேத்தியாக நடித்தபோது வயது 10.

1998-இல் இன்னொரு முன்னாள் குழந்தை நட்சத்திரம் பிளேக் செனட்டுடன் லாஸ் ஏஞ்சலிஸில் 'ரைலோ கைலி' இசைக்குழுவைத் தொடங்கினார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் 2006-இல் வந்த 'ராபிட் ஃபர் கோட்' ஆல்பத்தை எடுங்கள். பாட்டு வரிசையை மாற்ற வேண்டாம். ஆரம்பத்தில் வாத்தியமே கிடையாது. லூயிஸும் வாட்சன் இரட்டைச் சகோதரிகளும் சேர்ந்து பாடுவது மட்டும்தான். வரிகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இசை மட்டும் போதும் என்றால் இவரிடம் அது அரைச் சாப்பாடு.

நிறுத்தி நிதானமாகக் கேட்க வேண்டியது தலைப்புப் பாட்டு. ஒரு கிட்டார், ஒரு குரல். ஏழைத் தாய், அவளிடம் ஒரு முயல்தோல் கோட்டு, அதைக் கேட்டுக் கத்தி நீட்டும் ஒருத்தி, பிற்பாடு சம்பாதித்துப் போடும் மகள். கத்தி வரும் இடத்தைக் கவனியுங்கள். குரல் உயர்வதில்லை, நடுங்குவதில்லை. பக்கத்து வீட்டுச் சங்கதியைச் சொல்வதுபோல் கடந்து போகிறது. சுமாரான நடிகை அங்கே அழுதிருப்பார். கடைசியில் கதை திரும்புகிறது. தாயின் கதையைச் சொல்லிவந்தவள், அந்தக் கோட்டின் மேல் ஆசை தனக்கும் உண்டென்று காட்டிக்கொடுத்துவிடுகிறாள். இதில் லூயிஸின் வாழ்க்கை எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டால் இந்தத் திருப்பம் கைநழுவும்.

அடுத்து 2014-இன் 'ஜஸ்ட் ஒன் ஆஃப் த கைஸ்' பாட்டு. வீடியோவைப் பார்க்காமல் கேளுங்கள். இசைக்கலைஞர் பெக் தயாரித்த துள்ளலான மெட்டு. அதற்குள் வயது ஏறும், பிள்ளையில்லாத ஒரு பெண்ணின் கணக்கு. பிறகு வீடியோ. லூயிஸே இயக்கியது. நடிகைகள் ஆன் ஹாத்தவேயும் கிறிஸ்டன் ஸ்டூவர்ட்டும் மீசை சகிதம் ஆண் வேடத்தில் ஆட்டம் போடுகிறார்கள். சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அதை முதலில் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு காதில் விழுவதே இல்லை.