எவ்ளோ கொடுக்குது?

புது பைக்குக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்வி, 'எவ்ளோ கொடுக்குது?' விலை, கலர், பிக்கப் எல்லாம் அப்புறம்தான். கறவை மாடு வாங்கி வந்தாலும் இதே கேள்விதான்.

இந்த ஒரு கேள்வியை வைத்தே நம் விளம்பரக்காரர்கள் நாற்பது வருஷமாகப் பிழைப்பு நடத்துகிறார்கள். அந்தச் சரக்கைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போமே!

முதலில், 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100. 'ஃபில் இட், ஷட் இட், ஃபர்கெட் இட்.' நிரப்பு, மூடு, மறந்துடு. ஸ்கூட்டரைக் காலையில் ஒரு பக்கமாகச் சாய்த்து, உதைத்து, பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றிக்கொண்டிருந்த தேசத்துக்கு, ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினை இதைவிடச் சுருக்கமாக அறிமுகப்படுத்த முடியாது. விளம்பர எழுத்து என்ற வகையில் நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் போடலாம்.

அடுத்தது, 2000-களின் தொடக்கத்தில் வந்த மாருதி விளம்பரம். ஒரு சர்தார் வீட்டுக் குட்டிப் பையன் பொம்மைக் காரை வீடு பூராவும் ஓட்டிக்கொண்டே இருப்பான். அப்பா அதட்டினால், 'என்ன பண்றது, பெட்ரோல் தீரவே மாட்டேங்குதே' என்பான். இந்தி தெரியாதவர்களுக்கும் சிரிப்பு வந்தது. இதற்கும் நல்ல மார்க்தான்.

மூன்றாவது, அரசாங்கச் சரக்கு. பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் 1978-ல் தொடங்கிய பி.சி.ஆர்.ஏ. என்ற எரிபொருள் சிக்கன அமைப்பின் அறிவுரைகள். மணிக்கு 45-லிருந்து 55 கிலோமீட்டருக்குள் ஓட்டு, 80-ல் போவதைவிட 40 சதவிகிதம் வரை மைலேஜ் கூடும். சிக்னலில் இன்ஜினை அணை. டயரில் காற்று பார். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய். பளபளப்பு இல்லை, பொம்மைக் கார் இல்லை. ஆனால் மூன்றில் உண்மை அதிகம் இருப்பது இதில்தான்.

மூன்றையும் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். சுமார் 55 கிலோமீட்டர். ஏற்றம் என்று சொன்னால் பாம்பன் ரோட்டுப் பாலம் ஒன்றுதான், மற்றபடி தட்டை. மைலேஜ் பரீட்சைக்கு இதைவிட நல்ல ரோடு ஏது?

முதல் வார்த்தையிலேயே வண்டி நின்றுவிடுகிறது. 'ஃபில் இட்'டாம்! எத்தனை பேர் நிரப்புகிறோம்? பங்க்கில் அரை மணி நேரம் நின்று காதைக் கொடுங்கள். 'நூறு ரூபாய்க்குப் போடுப்பா' என்பதுதான் அதிகம் கேட்கும். 2021-ல் தமிழ்நாட்டில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபோது, அந்த நூறு ரூபாய்க்கு ஒரு முழு லிட்டர்கூட வராமல் போயிற்று. நூறு நூறாகப் போடுகிறவருக்குத் தன் வண்டியின் உண்மையான மைலேஜும் தெரியாது. அதற்கு டேங்கை ஒருமுறை முழுக்க நிரப்பி, மீட்டரைக் குறித்து, ஓட்டி முடித்து, மறுபடி அதே அளவுக்கு நிரப்பி வகுத்துப் பார்க்க வேண்டும். கையில் மொத்தமாகப் பணம் இருப்பவருக்கே அந்தக் கணக்கு கிடைக்கும்.

அடுத்து காற்று. கம்பெனி சொல்லும் மைலேஜ் சோதனைக் கூடத்தில், உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுப்பது. அங்கே பாம்பன் காற்று கிடையாது. இந்தக் கடற்கரைக்காரர்கள் காற்றுக்குப் பேரே வைத்திருக்கிறார்கள்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். பாய் விரித்துப் போன காலத்தில் காற்றுதான் டீசல். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகி ரயிலே நின்றுவிடும். நம்ம நூறு சிசி எம்மாத்திரம்?

கணக்கு இதுதான். நீங்கள் சமர்த்தாக 50-ல் போகிறீர்கள். எதிரே 30-ல் காற்று. உங்கள் நெஞ்சில் மோதுவது 80 கிலோமீட்டர் காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஆகவே சும்மா இருக்கும் காற்றில் 50-ல் போவதைவிட இரண்டரை மடங்கு எதிர்ப்பு! 'திரும்பி வரும்போது தள்ளி விடுமே சார்' என்பீர்கள். தள்ளும். ஆனாலும் போக வரக் கூட்டிச் சராசரி எடுத்தால், காற்றோடு மல்லுக்கட்டும் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகவே நிற்கும். போதாக்குறைக்கு உப்புக் காத்து செயினைத் துருப்பிடிக்க வைக்கும். இங்கே மாதம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் காட்டுவது என்பது சோம்பேறிக் கணக்கு. இதெல்லாம் விளம்பரத்தில் வராது.

சரி, பி.சி.ஆர்.ஏ. சொன்னபடியே எல்லாம் செய்கிறோம். எவ்வளவு மிச்சம்? பி.காம். படித்த புத்தி கணக்குப் போடாமல் விடாது.

தினமும் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு வேலைக்குப் போகும் ஒருவர். போக வர 110 கிலோமீட்டர். லிட்டருக்கு 55 கொடுத்தால் இரண்டு லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று தோராயமாக வைத்துக்கொண்டால் மாதம் 25 நாளைக்கு ஐயாயிரம். ஆக்ஸிலரேட்டரைப் பூப்போல முறுக்கி, பத்து சதவிகிதம் மைலேஜை ஏற்றிவிட்டார் என்றால் மாதம் சுமார் 450 ரூபாய் மிச்சம். நல்ல காசுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே வண்டியின் பின்சீட்டில் அதே ஆபீஸ் நண்பர் ஒருவர் ஏறிப் பாதிச் செலவு கொடுத்தால் மிச்சம் 2,500! ஏர் ஃபில்டரைத் தங்கத்தில் செய்து மாட்டினாலும் இந்த மிச்சம் வராது.

பஸ்ஸைப் பாருங்கள். லிட்டர் டீசலுக்கு சுமார் ஐந்து கிலோமீட்டர். 'எவ்ளோ கொடுக்குது' என்று கேட்பவர் சிரிப்பார். 55 கிலோமீட்டருக்கு 11 லிட்டர். ஆனால் உள்ளே ஐம்பது பேர் இருந்தால் ஆளுக்கு 220 மில்லி! தனியாக பைக்கில் போகிறவர் அதே தூரத்துக்கு ஒரு லிட்டர் எரிக்கிறார். பஸ்ஸில் பதினோரு பேர் இருந்தாலே பைக்குக்குச் சமம், பன்னிரண்டாவது ஆளிலிருந்து லாபம். நாற்பது வருஷமாக நமக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வியில் 'எத்தனை பேருக்கு?' என்ற பாதி விடுபட்டிருக்கிறது.

பி.சி.ஆர்.ஏ.வும் பொதுப் போக்குவரத்து, கார் பூலிங் பற்றிச் சொல்லாமல் இல்லை. ஆனால் மொத்தத்தில் மனசில் பதிவது தனி ஆளின் வலது மணிக்கட்டுதான். முறுக்காதே, அணை, துடை. பெட்ரோல் தீர்ந்தால் தப்பு உன் மேல்! பஸ் நேரத்துக்கு வந்ததா என்று கேட்கும் அறிவுரை நோட்டீஸை இன்னும் யாரும் அச்சடிக்கவில்லை. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை இரண்டே கால் வருஷத்துக்கு மேல் தீவுக்கு ரயில் இல்லை. அந்த நாட்களில் ஒருத்தர் எவ்வளவுதான் சிக்கனமாக முறுக்கியிருந்தாலும், இல்லாத ரயிலுக்கு அது ஈடாகுமா?

எனக்கு உறுத்துவது இன்னொன்று. விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பெட்டி கட்டி, ஊர் ஊராகப் போகிறார்களே, அவர்களுக்கு எந்த அறிவுரை பொருந்தும்? 'தேவையில்லாத சுமையை ஏற்றாதே' என்பதா? சுமைதானே பிழைப்பு! ஐஸ் கரைவதற்குள் விற்க வேண்டும் என்பவரிடம் 45-ல் போ என்று எப்படிச் சொல்வது?

அவர்கள் ஏன் பஸ்ஸில் போகவில்லை என்ற கேள்விக்கு 2021 டிசம்பரில் குளச்சலில் ஒரு பதில் கிடைத்தது. மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை, நாற்றம் அடிக்கிறது என்று அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று அறிவித்து ஏழு மாதம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை. வீடியோ பரவியது, முதல்வர் கண்டித்தார், டிரைவரும் கண்டக்டரும் சஸ்பெண்ட். டிக்கெட் இலவசமானது, கூடைக்குத்தான் இடம் இல்லை.

அதே வருஷம் ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில், மீன் விற்கும் பெண்களுக்கென்றே 'சமுத்ரா' என்று இலவச பஸ் விட்டார்கள். கூடை வைக்கத் தனி இடத்தோடு. என்னைக் கேட்டால் எரிபொருள் சிக்கனத்துக்கு வந்த சிறந்த விளம்பரம் அதுதான். அதில் பஞ்ச் டயலாக் கூட இல்லை.

பாம்பனிலும் மண்டபத்திலும் காலை ஏலம் முடிகிற நேரத்துக்கு, பின்பக்கம் நாலு சீட்டைக் கழற்றி, கழுவிவிடத் தோதாகத் தகரம் அடித்த ஒரு பஸ் கிளம்பட்டும். பதினோரு கூடைக்காரர்கள் ஏறினால் போதும், கணக்கு நேராகிவிடும்.