எந்தத் திரை அசல்? டிவி கேமும் ஸ்டுடியோ மானிட்டரும்

ரெட்ரோ கேம் ஆர்வலர்கள் நடுவே ஒரு தீர்ப்பு கிட்டத்தட்ட எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. பழைய விளையாட்டை அதன் உண்மையான முகத்தோடு பார்க்கணும்னா, ஒளிபரப்பு நிலையங்களிலும் எடிட்டிங் அறைகளிலும் இருந்த தொழில்முறை சிஆர்டி மானிட்டர் ஒன்றைத் தேடிப் பிடிக்கணும், ஆர்ஜிபி கம்பி போடணும், அவ்வளவுதான். சோனியின் பிவிஎம் (PVM), அதற்கு மேலே அதைவிடத் தரமான பிவிஎம் (BVM) பிராட்காஸ்ட் வரிசை என்று ஒரு ஏணியே இருக்கிறது. வீட்டு டிவி அந்த ஏணியில் கடைசிப் படி. இந்தக் குறிப்பு அந்தத் தீர்ப்புக்கு எதிரான ஒரு மேல்முறையீடு.

எழுதுவது கருங்குழியிலிருந்து. வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்ததாகச் சொல்கிற கருங்குழி இல்லை, அது வடலூர் பக்கம். இது மதுராந்தகத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஜிஎஸ்டி சாலையில் வருகிற கருங்குழி. என் மேசையில் இரண்டு திரைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இடப்பக்கம் காயலாங்கடையில் எடை போட்டு வாங்கின 14 அங்குல சோனி பிவிஎம். வலப்பக்கம் தமிழ்நாடு அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி. இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் முனை வைத்த ஒரு பழைய டிவி கேம் பெட்டி, எமுலேட்டர் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர். கீழே வருவதெல்லாம் இந்த நாலையும் மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்ததில் கிடைத்தது.

மானிட்டருக்கு உரியதை முதலில் கொடுத்துவிடுவோம்

தொழில்முறை மானிட்டர் நல்ல பொருள், அதில் சந்தேகமே வேண்டாம். வீட்டு டிவியில் ஆண்டெனா முனையும் மஞ்சள் முனையும் மட்டும்தான். இதிலோ பிஎன்சி முனைகளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக உள்ளே போகும். பிஏஎல், என்டிஎஸ்சி இரண்டையும் கேட்காமலே புரிந்துகொள்ளும். ‘அண்டர்ஸ்கேன்’ பொத்தானை அழுத்தினால் படத்தின் நாலு ஓரமும் தெரியும். ‘புளூ ஒன்லி’ அழுத்தினால் நீலத்தை மட்டும் காட்டும், கலர் அளவை அதை வைத்துச் சரிசெய்யலாம். இதெல்லாம் பொறியாளருக்காகச் செய்த வசதிகள். சிக்னலில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் அந்த மானிட்டரின் வேலை.

கம்ப்யூட்டரை இதில் இணைப்பதில் ஒரு முடிச்சு இருக்கிறது. விஜிஏ முனை வழக்கமாக நொடிக்கு 31,000-க்கு மேல் வரிகளை அனுப்பும். பிவிஎம் வாங்கிக்கொள்வது சுமார் 15,700 வரிகள்தான். பாதிக்குப் பாதி. அப்படியே இணைத்தால் படம் கிழிந்து ஓடும். பழைய ரேடியான் கார்டு ஒன்றில் ‘சிஆர்டி எமுடிரைவர்’ என்கிற மாற்று டிரைவரைப் போட்டால் 15 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் வரும். அப்புறம் விஜிஏவின் கிடை, நெடு ஒத்திசைவு இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, மின் அளவைக் குறைத்து, ‘எக்ஸ்டெர்னல் சிங்க்’ முனையில் கொடுக்கணும். சில ராஸ்பெரி பை மாடல்களில் ஹெட்போன் துளையிலிருந்தே மஞ்சள் முனை சிக்னலை எடுக்கலாம். மானிட்டரின் மூடியை மட்டும் தயவுசெய்து கழற்றாதீங்க. பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும்.

இணைத்தாயிற்று. படம் கத்தி மாதிரி வருகிறது. இப்போது கேள்வி: இது எந்தப் படம்?

இல்லாத ஆர்ஜிபி

நம் ஊர்களில் ‘டிவி கேம்’ என்றால் பெரும்பாலும் நின்டெண்டோவின் ஃபாமிகாம் என்கிற 8-பிட் இயந்திரத்தின் நகல்தான். லிட்டில் மாஸ்டர், சாமுராய் என்று பல பெயர்களில் வந்தது. கூடவே ‘9999 இன் 1’ கேசட். இந்த இயந்திரத்தின் படச் சில்லில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனி வெளியீடுகள் எங்கேயும் கிடையாது. அது கலரை நேராகவே கலப்பு வீடியோ சிக்னலாக, அதாவது மஞ்சள் முனைக்கு வருகிற சிக்னலாக, உண்டாக்குகிறது. கலர் என்பது அங்கே ஓர் அலையின் கட்டம். அதைப் பிரித்து, ‘இது ஆகாச நீலம், இது செங்கல் சிவப்பு’ என்று முடிவு செய்வது டிவிக்குள் இருக்கிற டீகோடர்.

இதை நிதானமாக யோசிக்கணும். எமுலேட்டரில் மாரியோவின் வானத்துக்கு ஒரு குறிப்பிட்ட நீலம் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது? யாரோ ஒருத்தர் தன் டிவியைப் பார்த்தோ, அளந்தோ, கணக்குப் போட்டோ தயாரித்த பட்டியலிலிருந்து. அதனால்தான் எமுலேட்டர்களில் ‘பேலட்’ என்று பத்துப் பதினைந்து தேர்வுகள் இருக்கின்றன, ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதும் இல்லை. எமுலேட்டரை ஆர்ஜிபி வழியாகப் பிவிஎம்மில் போட்டு ‘அசல் படம்’ என்று சொல்கிறபோது, அந்த இயந்திரம் ஒருநாளும் வெளியே அனுப்பாத ஒன்றைத்தான் மிகத் துல்லியமாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

எல்லா இயந்திரமும் இப்படி இல்லை. சேகா மெகா டிரைவில் ஆர்ஜிபி உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் ஷா வாலஸ் வழியாக இந்தியாவில் விற்ற இயந்திரம் அது. ஆனால் அங்கே வேறொரு வேடிக்கை. 1991-இல் வந்த ‘சோனிக்’ விளையாட்டின் முதல் பகுதியில் ஓர் அருவி. கலைஞர்கள் அதை ஒன்றுவிட்டு ஒன்றாக நெடுக்குக் கோடுகளில் வரைந்திருக்கிறார்கள். மஞ்சள் முனை வழியாக வீட்டு டிவியில் போட்டால் கோடுகள் கலங்கி ஒன்றாகிவிடும், தண்ணீர் கண்ணாடி போலத் தெரியும், பின்னால் இருக்கிற பாறையும் தெரியும். ஆர்ஜிபியில் பிவிஎம்மில் போட்டால் கம்பி வேலி. ஆக, சிக்னலின் கலக்கத்தைத் தூரிகையாக வைத்து வரைந்த படத்தை, கலக்கமே இல்லாத திரையில் போட்டு ‘தெளிவு’ என்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு திரையையும் பார்த்துவிட்டுச் சொன்னான்: “இதுல எல்லாம் நல்லா தெரியுது மாமா. அதுலதான் தண்ணி ஓடுது.” நான் இரண்டு பத்தியில் சொன்னதை அவன் இரண்டு வரியில் முடித்துவிட்டான்.

அண்டர்ஸ்கேன் விஷயமும் இதே கதைதான். ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ ஓடும்போது வலது ஓரத்தில் தப்பான கலர் கட்டங்கள் மின்னி மின்னி மறையும். படைத்தவர்களுக்குத் தெரிந்தே விட்டது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அன்றைய வீட்டு டிவியின் சட்டம் அந்த ஓரத்தை மூடிவிடும். பிவிஎம் அதையும் விரித்துக் காட்டுகிறது. மேடை நாடகத்தைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கிற மாதிரி.

நம்முடைய 50

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். இனி சொல்வதுதான் எனக்கு முக்கியம்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு 60 முறை படம் வரையும். அங்கே என்டிஎஸ்சி. இந்தியா 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டிக் கலருக்கு வந்தபோது எடுத்துக்கொண்டது பிஏஎல் முறை: 625 வரிகள், நொடிக்கு 50 முறை. ஆகவே இங்கே விற்கிற டிவி கேமும் 50-க்கு ஒத்துப்போகணும். தைவானின் யூஎம்சி நிறுவனம் பிஏஎல் நாடுகளின் நகல் பெட்டிகளுக்காகவே ஒரு சில்லு செய்தது. ரஷ்யாவில் ‘டெண்டி’ என்ற பெயரில் விற்ற பெட்டியால் அந்த வகைக்கே இன்று டெண்டி என்று பெயர் நிலைத்துவிட்டது.

அந்தச் சில்லில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. 60-க்காக எழுதின விளையாட்டு 50-இல் குழம்பாமல் ஓடவேண்டும் என்று, படம் வரைந்து முடித்ததும் 51 வரிகள் சும்மா காத்திருக்கும். செயலியின் வேகத்தையும் ஏறக்குறைய ஜப்பானிய இயந்திரத்தின் வேகத்திலேயே வைத்திருக்கிறார்கள்: அங்கே 1.79 மெகாஹெர்ட்ஸ், இங்கே 1.77. விளைவு என்ன? பாட்டின் சுருதி அநேகமாக அப்படியே இருக்கும், தாளம் மட்டும் ஆறில் ஐந்தாகக் குறையும். நின்டெண்டோவே ஐரோப்பாவுக்குச் செய்த இயந்திரத்தில் செயலி 1.66. அதில் ஜப்பானியக் கேசட்டைப் போட்டால் சுருதியும் அரைச் சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். நாம் கேட்டது மூன்றாவது வகை: சுருதி சரி, நடை மட்டும் நிதானம்.

படத்துக்கும் இதே நிலைதான். விளையாட்டு வரைவது 240 வரிகள். பிஏஎல் திரையில் கண்ணுக்குத் தெரிகிற இடம் ஏறக்குறைய 288 வரிகள். மிச்சம் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டையாக நிற்கும். நடுவில் இருக்கிற படம் கொஞ்சம் அமுங்கி, மாரியோ கொஞ்சம் குண்டாகி இருப்பார். நாம் பார்த்த மாரியோ இவர்தான். நாம் ஓடின கான்ட்ராவில் குண்டு ஆறில் ஐந்து வேகத்தில்தான் வந்தது.

இப்போது உலகம் முழுக்கப் பரவியிருக்கிற ‘சிஆர்டி’ வடிகட்டிகளைப் பாருங்க. எல்சிடி திரையில் பழைய திரையின் சாயலைக் கொண்டுவருகிற நிரல்கள் இவை. ‘சிஆர்டி-ராயல்’ அருமையான வேலை. ‘சோனி மெகாட்ரான்’ என்ற பெயரே போதும், எந்தத் திரையை மனதில் வைத்துச் செய்தது என்று சொல்ல. பிளார்க் என்பவரின் என்டிஎஸ்சி வடிகட்டி மஞ்சள் முனையின் கலக்கத்தை அழகாகக் கணக்கிடுகிறது, ஆனால் பெயரிலேயே என்டிஎஸ்சி. பிஏஎல்லுக்கும் ஒன்றிரண்டு உண்டு. அவற்றைத் தேடிப் போகிறவர்கள்தான் குறைவு. இத்தனைக்கும் பிஏஎல்லின் கலக்கம் வேறு மாதிரி. அடுத்தடுத்த இரண்டு வரிகளின் கலரைச் சேர்த்துச் சராசரி எடுப்பதால் கலர் தப்பாகப் போகாது, கொஞ்சம் வெளுக்கும், மேலும் கீழும் இலேசாகக் கசியும். அந்த வெளுப்புதான் நம் வீட்டுக் கலர்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இதுதான்: நாற்பது வயதுக்காரர் ஒருத்தர் எமுலேட்டரில் பழைய விளையாட்டைப் போடுகிறார். வேகமாக ஓடுகிறது, பாட்டு பறக்கிறது. ‘நம்ம ஞாபகம்தான் தப்பு போல’ என்று விட்டுவிடுகிறார். ஞாபகத்தில் தப்பே இல்லை. அவர் ஞாபகம் 50 ஹெர்ட்ஸில் இருக்கிறது, திரை 60-இல் இருக்கிறது. ‘அசல்’ என்று வரையறுத்தவர்களின் வீடு வேறு ஊரில் இருந்தது, அவ்வளவுதான். இந்த விஷயத்தில் எமுலேட்டர் எழுதினவர்கள் நியாயமாகவே நடந்திருக்கிறார்கள். மெசன், எஃப்சிஇயூஎக்ஸ் இரண்டிலும் ‘டெண்டி’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரை 50 ஹெர்ட்ஸில் வைத்தால் நம் நடை திரும்ப வந்துவிடும். விமர்சகர்கள்தான் அந்தத் தேர்வைப் பேசுவதே இல்லை.

அளவுகோலும் சாட்சியும்

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். தொழில்முறை மானிட்டர் ஓர் அளவுகோல். சிக்னல் எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதைவிட நேர்மையான பதில் வேறு எதிலும் கிடைக்காது. இந்தக் குறிப்புக்கான பாதி விஷயத்தை அதன் அண்டர்ஸ்கேன் பொத்தான்தான் கொடுத்தது. ஆனால் அந்த விளையாட்டு ஒரு வீட்டில் எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. அது அந்த வீட்டில் இல்லவே இல்லை. சாட்சி வலப்பக்கம் இருக்கிற டிவி.

அந்தச் சாட்சிதான் இன்று வேகமாகக் காணாமல் போகிறது. 2006 முதல் 2011 வரை தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவசக் கலர் டிவிகள் கொடுக்கப்பட்டன. ஒரே அளவு, ஒரே காலம், ஒரே மாநிலம். எங்கள் ஊர் மாதிரிப் பல ஊர்களில் பல பிள்ளைகள் முதன்முதலில் டிவி கேமைச் செருகினது அந்தத் திரையில்தான். இன்று ஒரு பிவிஎம் கிடைத்தால் அதற்கு விலை பேச ஆள் இருக்கிறது. இலவச டிவிக்கு ஆள் இல்லை, காயலாங்கடைக்காரர்கூடச் செம்புக்காக உடைக்கத்தான் எடுக்கிறார். அதன் கண்ணாடியில் ஈயம் இருப்பதால் உடைப்பதும் கெடுதல். எனக்கு ரிப்பேர் பார்க்கிற அண்ணன் சொல்வார்: “எல்ஓடி போச்சுன்னா விட்ருங்க தம்பி, புதுசு வராது.” எல்ஓடி என்பது பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கிற டிரான்ஸ்பார்மர். அரிதான பொருளை உலகமே பத்திரப்படுத்தும். எல்லார் வீட்டிலும் இருந்ததைத்தான் யாரும் பத்திரப்படுத்துவதில்லை.

அதனால் சிஆர்டியில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மூன்று விஷயம் சொல்வேன். பிவிஎம் கிடைத்தால் வாங்குங்க, கூடவே ஓடுகிற வீட்டு டிவி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்க, டிவி கேமை அதில் மஞ்சள் முனையிலும் ஆண்டெனா முனையிலும் போட்டுப் பாருங்க. இருட்டறையில், கேமராவின் ஷட்டரை ஐம்பதில் ஒன்றில் வைத்து, அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்க. நாளைக்கு நம் டிவிக்கு ஒருத்தர் வடிகட்டி எழுத உட்கார்ந்தால் பார்த்து எழுத ஏதாவது வேண்டும். மூன்றாவது, எமுலேட்டரைப் பற்றி எழுதும்போது எந்தத் திரை, எந்த முனை, 50-ஆ 60-ஆ என்று மூன்றையும் குறிப்பிடுங்க. இது இல்லாமல் ‘அசல் மாதிரியே இருக்கிறது’ என்று எழுதினால், யாருடைய அசல் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.