புதிய எழுத்தாளருக்கு மாநாடு எதற்கு?

முதல் புத்தகம் வெளியிட்டவர் அறிவியல் புனைவு மாநாட்டுக்குப் போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் அறிவுரைக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் நிறையக் கிடைக்கின்றன. பதிப்பாசிரியர்களைத் தேடிப்போய்ப் பேசு, உரையாடல் அரங்கில் அடுத்தவர் பேச்சில் குறுக்கிடாதே, சொந்தப் புத்தகத்தையே விற்றுக்கொண்டிருக்காதே. எல்லாம் பயனுள்ளவைதான். ஆனால் வாசித்து முடித்ததும் விற்பனைப் பிரதிநிதிக்கான பயிற்சிக் கையேட்டை மூடி வைத்த மாதிரி இருக்கு. மாநாடு புதியவருக்கு என்ன தரும் என்றுதான் இவை பேசுகின்றன. புதியவர் மாநாட்டுக்கு என்ன தருவார் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. உலக அறிவியல் புனைவு மாநாடான வேர்ல்ட்கானின் வரலாற்றில் அதற்குப் பதில் இருக்கிறது.

வேர்ல்ட்கானை நடத்துவது ஒரு பதிப்பகம் இல்லை. ஆண்டுதோறும் வேறு வேறு ஊரில் ரசிகர்களே கூடி, சம்பளம் வாங்காமல் நடத்துகிறார்கள். சிறப்பு விருந்தினர்கள் சிலர் உண்டு. மற்றபடி அரங்குகளில் பேசும் எழுத்தாளரும் பெரும்பாலும் வாசகரைப் போலவே கட்டணம் கட்டித்தான் உள்ளே வருகிறார். உறுப்பினராகச் சேர்ந்தவர் யாராக இருந்தாலும் ஹியூகோ விருதுக்கு வாக்களிக்கலாம். அதாவது எழுதுகிறவரும் வாசிக்கிறவரும் ஒரே பதிவேட்டில் இருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் அழகும் ஆபத்தும் முதல் மாநாட்டிலேயே தெரிந்துவிட்டன.

1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த அந்த மாநாட்டுக்கு ஏறக்குறைய 200 பேர் வந்தார்கள். 18 வயது ரே பிராட்பரி, கடன் வாங்கிய காசில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பஸ் பிடித்து வந்தார். அப்போது அவருடைய ஒரு கதைகூடச் சன்மானம் கொடுக்கும் பத்திரிகையில் வந்திருக்கவில்லை. ஓவிய நண்பர் ஹானஸ் போக் வரைந்த படங்களைத்தான் கையில் எடுத்து வந்திருந்தார். அவற்றை ‘வியர்ட் டேல்ஸ்’ ஆசிரியரிடம் காட்டினார். அதே ஆண்டு டிசம்பர் இதழின் அட்டையில் போக்கின் ஓவியம் வந்தது. மாநாட்டுக்குப் போனால் கதவு திறக்கும் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனால் அதே மாநாட்டின் வாசலில் இன்னொரு கதை நடந்தது. ‘ஃபியூச்சரியன்ஸ்’ என்ற இடதுசாரிச் சாய்வுள்ள இளைஞர் குழுவில் ஆறு பேரை அமைப்பாளர்கள் உள்ளேயே விடவில்லை. பிரசுரம் கொடுத்துக் கலாட்டா பண்ணுவார்கள் என்ற பயம். நிறுத்தப்பட்டவர்களில் ஃபிரெடரிக் போலும் சிரில் கார்ன்புளூத்தும் இருந்தார்கள். விளம்பர நிறுவனங்கள் உலகை ஆளும் காலத்தைக் கேலிசெய்யும் ‘தி ஸ்பேஸ் மெர்ச்சன்ட்ஸ்’ நாவலைப் பின்னாளில் சேர்ந்து எழுதியது இவர்கள்தான். அதே குழுவைச் சேர்ந்த ஐசக் அசிமோவ் உள்ளே போய்விட்டார். அவருக்கு 19 வயது, முதல் கதை வெளிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எதிர்காலத்தைப் பற்றிப் பேசக் கூடிய கூட்டம், எதிர்காலத்தில் தன் துறையை வளர்க்கப்போகிறவர்களையே வெளியில் நிறுத்தியது. கலாட்டா என்று அவர்கள் பயந்தது ஒரு மாற்றுக்கருத்தை, அவ்வளவுதான்.

இனி 80 ஆண்டு தள்ளி வருவோம். வேர்ல்ட்கானில் ஹியூகோவோடு சேர்த்து, சிறந்த புதிய எழுத்தாளருக்கு ஒரு விருது கொடுக்கிறார்கள். 1973இலிருந்து அதற்கு ஜான் டபிள்யூ. காம்பெல் பெயர் இருந்தது. ‘அஸ்டவுண்டிங்’ இதழின் ஆசிரியராக அசிமோவையும் ஹைன்லைனையும் வளர்த்தெடுத்தவர் காம்பெல். அது உண்மை. 1960களில் இனப்பிரிவினைக்கு ஆதரவாகத் தலையங்கங்கள் எழுதியவரும் அவரே. சாமுவேல் டிலேனியின் ‘நோவா’ நாவலைத் தொடராக வெளியிட அனுப்பியபோது, கதை பிடித்திருந்தாலும் கறுப்பினக் கதாநாயகனோடு தன் வாசகர்கள் ஒட்டமாட்டார்கள் என்று காம்பெல் மறுத்ததாக, 1998இல் எழுதிய கட்டுரையில் டிலேனி பதிவுசெய்திருக்கிறார்.

2019 ஆகஸ்டில் டப்ளின் மாநாட்டில் இந்த விருதை வாங்க மேடையேறினார் ஹாங்காங்கில் பிறந்த ஜெனட் இங். தேவதைகளின் நாட்டுக்குப் போகும் விக்டோரியா காலத்து மிஷனரிகளைப் பற்றி ஒரே ஒரு நாவல் வெளியிட்டிருந்தார். மேடையில் காம்பெலை ஃபாசிஸ்ட் என்று சொன்னார். இந்த இலக்கியத்தை வெள்ளைக்கார ஆண்களுக்கானதாக ஆக்கியதில் காம்பெலுக்குப் பங்கு உண்டு என்றார். அப்போது தெருவில் போராடிக்கொண்டிருந்த தன் ஊர் மக்களையும் நினைவுகூர்ந்தார். இரண்டே வாரத்துக்குள் விருதின் பெயர் ‘அஸ்டவுண்டிங் விருது’ என்று மாறியது. அடுத்த ஆண்டு அந்த உரைக்கே ஒரு ஹியூகோ கொடுத்தார்கள். டப்ளினில் அதே இரவு மலேசிய எழுத்தாளர் சென் சோவின் குறுநாவலுக்கு ஹியூகோ கிடைத்தது. 2013இல் காம்பெல் பெயரிலான அதே புதியவர் விருதுக்கு இறுதிப் பட்டியல்வரை போனவர் அவர்.

இங்கின் உரைமீது வந்த விமர்சனங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு மனிதரின் பெயரில் விருதை வாங்கிக்கொண்டு அந்த மனிதரையே ஏசுவது நன்றிகெட்டத்தனம் இல்லையா? நமக்கு இது ரொம்பப் பழகிய வாதம். ‘ஃபாசிஸ்ட்’ என்ற சொல் அரசியல் அகராதிப்படி சரியா என்று தாராளமாக விவாதிக்கலாம், எனக்கும் அதில் சந்தேகம் உண்டு. ஆனால் நன்றி என்ற வாதம் நிற்காது. வாக்களித்தது வாசகர்கள், காம்பெல் இல்லை. நன்றி அவர்களுக்குத்தான் போக வேண்டும். மறைத்துப் பேசாமல் இருப்பதும் வாசகருக்குச் செய்யும் மரியாதைதான். சொல்லப்போனா, இந்தப் பெயர் பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருந்தும் பழகியவர்களுக்கு அது சுவரில் மாட்டிய பழைய படம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவரை முதல் வாரம் சும்மா லைனைச் சுற்றிப் பார்க்கச் சொல்வோம். பழகிய கண்ணுக்குப் படாதது அவர் கண்ணுக்குப் படும். புதியவர் மாநாட்டுக்குக் கொண்டுவரும் சரக்கு அந்தக் கண்தான்.

இதை ஒரு வெற்றிக்கதையாக முடித்துவிட முடியாது. 2023இல் செங்டுவில், சீனாவில் முதன்முறையாக வேர்ல்ட்கான் நடந்தது. 2024 ஜனவரியில் முன்மொழிவு எண்ணிக்கைகள் வெளியானபோது, போதுமான ஆதரவு பெற்றிருந்தும் சிலர் ‘தகுதியில்லை’ என்று காரணம் சொல்லாமல் நீக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஆர். எஃப். குவாங்கின் ‘பேபல்’ நாவல் அதில் ஒன்று. புதிய எழுத்தாளர் விருதுப் பட்டியலிலிருந்து சிரன் ஜே ஜாவோவும் நீக்கப்பட்டிருந்தார். பிறகு கசிந்த மின்னஞ்சல்களில், விருதுக் குழுவினர் எழுத்தாளர்களின் அரசியல் கருத்துகளைத் தேடித்தேடிக் குறிப்பெடுத்திருந்தது தெரிந்தது. குறிப்பெடுத்தவர்களில் மேற்கத்திய ரசிகர்களும் இருந்தார்கள். 1939இல் வாசலில் ஆள் நிறுத்தித் தடுத்தார்கள், இப்போது கோப்பில் ஒரு சொல் போதும். இருந்தாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த மின்னஞ்சல்களை வெளியே கொடுத்தது குழுவில் வேலை செய்த ஒருவரேதான். எண்ணிக்கையைத் தோண்டிக் கேள்வி கேட்டவர்கள் சாதாரண உறுப்பினர்கள். அடுத்த மாநாட்டை நடத்திய கிளாஸ்கோ குழு, நீக்கினால் காரணத்தையும் சேர்த்து வெளியிடுவோம் என்று அறிவித்தது. கூட்டம் தங்களுடையது என்று நம்பினவர்கள் அதைத் திருத்தவும் முன்வந்தார்கள்.

நம்ம பக்கம் பார்ப்போம். இங்கே புதியவருக்குக் கிடைப்பது நூல் வெளியீட்டு விழா. பொன்னாடை, மாலை, முதல் நூல் பெறும் பிரமுகர், வரிசையாக வாழ்த்துரை, கடைசியில் ஏற்புரைக்கு ஐந்து நிமிஷம். அந்த அன்பு பொய்யில்லை. அந்தக் காசில்தான் நம்மில் பலருடைய அச்சுச் செலவு ஓடுகிறது. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் நன்றியைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. வந்தவர்களில் யாரும் புத்தகத்தை இன்னும் வாசிக்கவில்லை, அதனால் கேள்வியும் இல்லை. அரூ இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டிகள் நடத்தியபின் தமிழில் இந்த வகையை எழுதும் புதியவர்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாளை ஒரு மாநாடு கூட்டினால் எதை எடுத்துக்கொள்வோம்? பொன்னாடையை நம்மால் சுலபமாகக் கொண்டுபோக முடியும். நான் கேட்பது வேறு: எல்லாரும் கட்டணம் கட்டி வரணும், வாசித்துவிட்டு வரணும், எண்ணிக்கை வெளியே தெரியணும், 25 வயதுக்காரர் மூத்தவரின் பெயரைக் கேள்வி கேட்டால் ஒலிவாங்கியைப் பிடுங்காமல் இருக்கணும். கேட்டது தப்பென்றால் அதே அரங்கில் பதில் சொல்லிக்கொள்ளலாமே.