சுவரில்லாத ஆலயம்

வண்ணக் கண்ணாடி குளிர்நாடுகளின் தேவையிலே செழித்த கலை. வெளிச்சம் அருகிய ஐரோப்பிய மாரியில், பனியையும் காற்றையும் தடுத்து ஒளியை மட்டும் உள்ளே விட அது உதவிற்று. எழுத்தறியாத மக்களுக்கு வேதக் கதைகளைச் சித்திரமாகக் காட்டிற்று. அதன் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், அந்நிய ஆட்சியோடு அது இங்கு வந்தபோது தேவை உடன் வரவில்லை. வடிவம் மட்டுமே வந்தது. தலதா மாளிகைக்கு அருகே, 1840களில் செங்கல்லால் எழுப்பப்பட்ட புனித பவுல் ஆலயம் அவ்வடிவத்தின் சின்னமாகும்.

இதே கண்டியில் வேறொரு விடையும் உண்டு. 1923இல் தொடங்கி 1935இல் அர்ப்பணிக்கப்பட்ட திரித்துவக் கல்லூரி ஆலயத்தை அமைத்தவர் எல். ஜே. காஸ்டர் பாதிரியார். எம்பெக்கே மரத்தூண்களின் மரபு இங்கே கல்லில் செதுக்கப்பட்டது. பக்கங்கள் சுவரால் அடைக்கப்படவில்லை. தாழ்ந்த கூரை வெயிலையும் மழையையும் தடுக்க, ஒளியும் காற்றும் தடையின்றி நுழைகின்றன. வெயில் மிகுந்த நாட்டுக்கு வேண்டியது நிழலே என்பதை இக்கட்டடம் உணர்ந்திருக்கிறது. அவ்வொளியிலேதான் டேவிட் பெயிண்டரின் சுவரோவியங்களைக் காண்கிறோம். அங்கே கிறிஸ்து நம் நாட்டு முகங்களுக்கும் நிலக்காட்சிகளுக்கும் நடுவே நிற்கிறார். கண்ணாடியோவியம் ஒளிக்குத் தன் நிறத்தை ஏற்றுகிறது. இவ்வோவியங்களோ பகலின் ஒளிக்கேற்பத் தாமே மாறுகின்றன.

கண்ணாடியை விலக்குவதுதான் நவீனம் என்று நாம் கூறவில்லை. பிரான்சில், 1955இல் திறக்கப்பட்ட ரோன்சாம் ஆலயத்தின் தடித்த சுவரில், லெ கொர்பூசியே சிறிதும் பெரிதுமான துளைகளிட்டு வண்ணக் கண்ணாடி பதித்தார். தன் நிலத்தின் ஒளியை அறிந்து கையாள்வதே நவீனம்.

எனினும், பழைய வடிவத்தை மீட்பதாலேயே ஒரு கலை மக்கள் கலையாகிவிடாது. தூண்மண்டபம் அரசர்களின் மண்டபமாகவும் இருந்தது. கல்லூரியோ வசதி படைத்தோரின் பிள்ளைகளை வளர்த்தது. தூண்களைச் செதுக்கிய சிற்பிகளின் உழைப்பின்றி இவ்வழகு இல்லை. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் தேயிலை பறித்த நம் மக்களோ, 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமையும் இழந்தனர். பெயிண்டர் இங்கு வரைந்தவற்றுள் நல்ல சமாரியனும் ஒன்று. வழியில் வீழ்ந்தவனுக்கு அயலான் யார் என்பதே அக்கதையின் கேள்வி.

சுவரில்லாத ஆலயம் அக்கேள்வியை மறைக்க முடியாது. ஒளி உள்ளே வருவது போலவே, உள்ளிருப்போரின் பார்வையும் வெளியே செல்லவேண்டும். அவ்வாறு செல்லும்போதே இக்கட்டடத்தின் அழகு முழுமை பெறும்.