ஆணியில்லாப் பெருமை

“ஓர் இரும்பாணிகூட இல்லை!” கண்டிக்கருகே எம்பெக்கே தேவாலயத்தில் 26 கைமரங்களை ஒரே பெரிய மரமுளை பிணைத்து நிற்பதை எழுதும் எம்மவருக்கு இதுதான் வாசகம். ஐரோப்பிய மரவீடுகளைப் புகழவும் இதுவேதான். ஏன் மரமுளை என்று யாரும் கேட்பதில்லை.

நான் வசிக்கும் கார்ல்ஸ்ரூஹேயின் டுர்லாஹ் பகுதி 1689இல் பிரெஞ்சுப் படையினால் எரிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்டது. இத்தகைய மரச்சட்ட வீடுகளில் அதிசயம் எதுவுமில்லை, கணக்குத்தான் உண்டு. ஓக் மரத்தின் துவர் இரும்பை அரிக்கும். பச்சை மரத்தில் அடித்த காய்ந்த முளையோ, மரம் சுருங்கச் சுருங்க இறுகும். பின்னாளில் முளையைத் தட்டியெடுத்து, உக்கிய துண்டை மட்டும் மாற்றலாம். ஜேர்மனியத் தச்சர்கள் தம் முற்றத்திலேயே கழுந்தையும் துளையையும் பொருத்திப் பார்த்தனர். எந்த மரம் எங்கே என்பதற்கு, பெரும்பாலும் உரோம இலக்கம் போன்ற குறிகளை உளியால் வெட்டினர். பிறகு கழற்றி, மனையில் மீளப் பூட்டினர். அக்குறிகள் பல வீடுகளில் இன்றும் தெரிகின்றன. வேலை செய்தவரின் கையெழுத்து என்றே அவற்றை நான் வாசிக்கிறேன்.

அதிசயம் என்று எழுதிவிட்டால் தச்சர் தேவையில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகள் பற்றிய எமது கட்டுரைகளில் வீட்டுக்காரரின் பெயர் தவறாமல் வருகிறது. கூரையைப் பூட்டிய தச்சரை எந்த வாசலால் உள்ளே விட்டார்கள் என்று எழுதக் காணோம்.