'புராணா மந்திர்' திரைப்படத்தில் சூலம்: ஓர் ஒப்பாய்வு

மும்பைத் திலக் நகரை அடுத்துள்ள செட்டா நகர் முருகன் கோயிலில் வேலினை வணங்கும் தமிழர்க்குப் படைக்கலம் என்பது கொல்லும் கருவி மட்டுமன்று. காக்கும் தெய்வத்தின் அடையாளமும் ஆகும். மும்பையில் உருவான இந்தித் திகில் படங்களும் இந்நம்பிக்கையைப் பயன்கொண்டன. துளசி ராம்சே, ஷியாம் ராம்சே ஆகியோர் இயக்கிய 'புராணா மந்திர்' (1984) இதற்குத் தக்க சான்றாகும். அப்படத்தில் வரும் சூலம் யாரைக் காக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொடியோனாகிய சாம்ரியின் தலையை அரசன் ஹரிமான் சிங் துண்டிக்கச் செய்கிறான். உடல் பழைய கோயிலின் பின்புறம் புதைக்கப்படுகிறது. தலை அரண்மனைப் பெட்டி ஒன்றில் வைக்கப்பட்டுச் சிவனின் சூலத்தால் பூட்டப்படுகிறது. சாம்ரி இட்ட சாபம் இருகூறுடையது. தலையும் உடலும் பிரிந்திருக்கும்வரை அம்மரபின் பெண்கள் மகப்பேற்றின்போது இறப்பர். அவை மீண்டும் இணையின் மரபே அழியும்.

இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. தலையைப் பிரித்துவைக்கும் சூலமே சாபத்தின் முதற்கூறினை நிலைபெறச் செய்கிறது. மரபு தொடர்கிறது, அதற்குரிய விலையைத் தலைமுறைதோறும் பெண்கள் தருகின்றனர். எனவே சூலத்தின் காவல் குலத்திற்கு உரியதேயன்றிக் குலமகளிர்க்கு உரியதன்று எனலாம்.

சிலப்பதிகார வேட்டுவ வரியில் இதற்கு நேர்மாறான காட்சி அமைகிறது. அங்குக் கொற்றவை சூலம் ஏந்தியவளாய், எருமைத் தலைமீது நிற்கிறாள். பகைவனின் தலையும் சூலமும் ஈரிடத்தும் உள்ளன. ஆயின் வேட்டுவ வரியில் சூலம் பெண்தெய்வத்தின் கையில் உள்ளது. படத்திலோ ஆடவர் அமைத்த பூட்டாகிறது.

இறுதியில் சூலம் சாம்ரிக்கு எதிராகவே பயன்பட்டு, அவன் தீக்கு இரையாவதால் சாபம் நீங்குகிறதே எனலாம். அதுவும் இக்கருத்தையே வலுப்படுத்துகிறது. புறநானூற்று 95ஆம் பாடலில் ஔவையார், அணிசெய்து காக்கப்பட்ட தொண்டைமானின் படைக்கலங்களையும், போரில் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் படைக்கலங்களையும் வேறுபடுத்துகிறார். அரண்மனைச் சூலம் நெடுங்காலம் தொண்டைமானின் படைக்கலமாகவே இருந்தது. போருக்கு எடுக்கப்பட்ட பின்னரே பெண்களின் இறப்பு முடிவுற்றது.

முடிவாக, இச்சூலத்தைத் தெய்வ ஆற்றலின் குறியீடாக மட்டும் கொள்வது போதாது. பெண்களின் இறப்பைப் பொறுத்துக்கொண்டு மரபைப் பேணிய குலத்தின் குறியீடாகவும் அதனைக் கொள்ள இடமுண்டு. திகில் படங்களைப் பொழுதுபோக்கு என ஒதுக்காது, தமிழாய்வு கருத்திற்கொள்ள வேண்டியதற்கு இதுவே காரணம்.